தொட்டால் தெரிகிற இடம்

ஒரு ஆளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிறர் தொடுகிறார்கள் என்று யாராவது எண்ணுவார்களா? கையும் காலும் ஓடுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது. சுயம்புராஜுக்கு நேரம் கிடந்தது. மூன்று வருடமாகக் கிடந்தது. அதனால் எண்ணினான். அக்கா பகவதி காலையில் அவனைப் புரட்டுவது, முதுகு துடைப்பது, காலை மடக்கி நீட்டுவது, வேட்டி மாற்றுவது, மறுபடி புரட்டுவது என்று பொழுது அடைவதற்குள் நாற்பது தடவை தேறும். நாற்பதில் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே அவன் முடிந்துபோயிருந்தான். அதற்குக் கீழே யார் தொட்டாலும் அது பக்கத்து வீட்டில் நடக்கிற காரியம்தான்.

சரி, மேலே? மேலே யார் தொடப்போகிறார்கள்! முகத்தை அவனே துடைத்துக்கொள்வான். விரல்கள் மடங்காவிட்டாலும் முழங்கை மடங்கும், மணிக்கட்டு நிமிரும். கையில் பட்டை போட்டு மாட்டிய கரண்டியால் சோற்றை அவனே அள்ளித் தின்பான். டாக்டர்கள் அதைப் பெரிய வெற்றி என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வெற்றியில் ஒரு சங்கடம் இருந்தது. தொட்டால் தெரிகிற இடத்தை யாரும் தொடவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

கருங்கலுக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பதினாறு வருடம் பஸ் ஓட்டியவன் அவன். எத்தனை வளைவு, எத்தனை டிப்பர் லாரி, ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைசியில் வீட்டுப் பலாமரத்திலிருந்து விழுந்தான். அது பெரிய உயரம்கூட இல்லை, ஒரு பஸ்ஸின் உயரம்தான். கழுத்தெலும்பில் ஆறாவதும் ஏழாவதும் சேருமிடத்தில் உள்ளே இருந்த தண்டுவடம் நசுங்கிப்போயிற்று. மனைவி சபிதா நர்ஸ். ஒரு வருடம் கூடவே இருந்து பார்த்தாள். வீட்டில் ஒருவராவது சம்பாதிக்க வேண்டுமே, மஸ்கட்டுக்குப் போனாள். போவதற்கு முன் நாத்தனாரை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பகவதி மாப்பிள்ளையை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், தம்பியைவிட ஏழு வயது மூத்தவள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். கொடுத்த வாக்குக்கு ஒரு நாளும் குறை வைத்தவளுமில்லை.

அன்றைக்கு ஊர் நிழல் தாங்கலில், ஐயாவைக் கும்பிடுகிற கோயிலில், திருநாள் நிறைவு. சாயங்காலம் நான்கு மணிக்கு, ஐயாவைத் தோளில் சுமந்துவரும் வாகனம் அவர்கள் நடைக்கு வரும். வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்துச் சுருள் கொடுப்பார்கள். பகவதி விடியற்காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டாள். முன்னறையில் கிடக்கும் தம்பியையும் கழுவாத குறைதான். புது வேட்டி, மேலே போர்த்தப் புது விரிப்பு. சாய்த்து வைத்திருந்த தலையணைகளை எடுத்து நேராகப் படுக்கவைத்தாள். சாய்ந்து கிடந்தால் வேட்டி சுருங்குகிறதாம்! தாங்கலுக்குப் போகிற ஆண்கள் கட்டுவதுபோல அவன் தலையில் வெள்ளைத் தலைப்பாகையும் கட்டிவிட்டாள்.

கட்டிலின் ஓரத்துக் கொக்கியில் மூத்திரம் இறங்கும் பிளாஸ்டிக் பை தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"மக்கா, ஊர்ல உள்ளவங்க எல்லாம் நடையில வந்து நிப்பாங்க கேட்டியா. இந்தச் சவம் இப்பிடித் தொங்கிட்டுக் கெடந்தா ஐயாவுக்க முன்னால எப்பிடி இருக்கும்?"

"அது அங்கனயே கெடக்கட்டு அக்கா."

"நீ சும்ம கெட மக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

விரிப்புக்குள் கையைவிட்டு என்னவோ செய்தாள். நேராகப் படுத்திருந்தவனுக்குத் தெரிந்தது கூரையும் மின்விசிறியும்தான். பையை அந்தப் பக்கத்துக் கொக்கியில் மாற்றிப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். போனை டி.வி. மேசையில் சார்ஜில் போட்டாள். வாசல்படிக்கு உள்ளே விளக்கும் சுருள் தாம்பாளமும் வைத்தாள். "தருமச் சாப்பாடு வாங்கிட்டு, நாமமும் வாங்கிட்டு வாகனத்துக்கு முன்னால வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனபோது மணி இரண்டே முக்கால்.

ஊரே தாங்கலில் இருந்தது. முச்சந்தி மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி அவன் வீட்டைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. தாங்கலில் ஏடு படிக்கும் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. திருநாளென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவனும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தான். வாகனம் சுமக்க அவனும் தோள் கொடுத்த காலம் உண்டு.

மூன்றரை வாக்கில் தலை வலிக்க ஆரம்பித்தது. தலைப்பாகை முடிச்சு இறுக்கம் என்று நினைத்தான். அக்கா எதைக் கட்டினாலும் வைக்கோல் கட்டுவதுபோலத்தான் கட்டுவாள். கட்டைவிரலை உள்ளே கொடுத்து நெம்பி, தலையை அங்கேயும் இங்கேயும் உருட்டி, ஒருவழியாகத் தலைப்பாகையைக் கழற்றி எறிந்தான். வலி குறையவில்லை. பின்மண்டையில் யாரோ சம்மட்டி போடுவதுபோல, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. மூக்கு அடைத்தது. முகத்திலும் கழுத்திலும் வேர்வை வழிந்து காதுக்குள் இறங்கியது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இதயம் அவசரப்படவில்லை. நிதானமாக, கனமாக அடித்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஐயோ, இது அது!

ஆஸ்பத்திரியில் சின்ன வயதுள்ள ஒரு டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டுச் சொல்லித் தந்திருந்தார். தண்டுவடத்துக்குள் மேலே போகும் வழிகள் உண்டு. சூடு, குத்து, தொடுகை, கால் எங்கே கிடக்கிறது என்கிற சேதி எல்லாம் அதில் ஏறி மூளைக்குப் போகும். கீழே வரும் வழிகள் உண்டு. எழுந்திரு, நட, பிடி என்கிற உத்தரவெல்லாம் அதில் இறங்கும். இவன் உடனே சொன்னான், "அப்பம் பின்னால கண்டக்டர் விசில் அடிச்சது எனக்குக் கேக்காது. நான் பிரேக்க மிதிச்சாலும் சக்கரத்துக்குப் போவாது. அப்பிடித்தானே சார்?" டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று உண்டு என்றார். யாரும் உத்தரவு போடாமலே தன்பாட்டில் நடக்கிற வேலைகள். வேர்வை, குடல், மூத்திரம், ரத்த அழுத்தம். அவற்றை ஒழுங்குபடுத்தும் வழியும் அதே கழுத்து வழியாகத்தான் இறங்குகிறது. அதுவும் அறுந்திருக்கிறது. "கவனிக்க வேண்டியது இதத்தான் சுயம்புராஜ். ஆளைக் கொல்லுறது இதுதான்" என்றார்.

கீழே ஏதோ ஒன்று கூப்பாடு போடும். மூத்திரப்பை நிரம்பி வெடிக்கப் பார்க்கும், அல்லது குழாய் மடங்கியிருக்கும். அந்தக் கூப்பாடு தண்டுவடத்தில் ஏறி, அறுந்த இடத்தில் முட்டி நிற்கும். மூளைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் செத்துப்போகவில்லையே! அது பயந்து தன்பாட்டில் வேலை செய்யும். வயிற்றிலும் காலிலும் உள்ள ரத்தக் குழாயையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் எகிறும். மேலே மூளை அதைக் கண்டு, விடு, தளர்த்து என்று கத்தும். அந்தச் சத்தமும் கழுத்தைத் தாண்டாது. மூளையால் முடிந்தது இதயத்தை மெதுவாக அடிக்கவைப்பதும் முகத்தை வேர்க்கவைப்பதும்தான். காரணத்தைக் கண்டுபிடித்து எடுக்காவிட்டால் தலைக்குள் ஒரு குழாய் வெடிக்கும்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சஜின் அப்படித்தான் போனான். இருபத்தாறு வயது. வீட்டுக்குப் போய் மூன்றாம் வாரம், தலைவலி என்றிருக்கிறான். வீட்டுக்காரர்கள் தலைவலி மாத்திரை கொடுத்து, நெற்றியில் தைலம் தேய்த்து, நிமிர்த்திப் படுக்கவைத்தார்கள். படுக்கவே கூடாது என்று அவர்களுக்குத் தெரியவில்லை பாவம்.

சுயம்புராஜ் நேராகப் படுத்திருந்தான்.

"அக்கா!" என்று கத்தினான். கத்துவதற்கு நெஞ்சு விரிய வேண்டும். அவன் நெஞ்சும் அறுந்த இடத்துக்குக் கீழேதானே இருக்கிறது. பக்கத்து அறைக்குக்கூட எட்டாத ஒரு சத்தம் வந்தது. ஒலிபெருக்கி அதையும் விழுங்கிவிட்டது. "அக்கா... யாராவது வாங்க... ஏலே யாராவது..." வெளியே ஒரு அனக்கமும் இல்லை. கண்ணுக்கு முன்னால் புள்ளி புள்ளியாக மின்னியது.

அந்த நேரம் பார்த்து டி.வி. மேசையில் போன் அடித்தது. சபிதாவுக்கென்று வைத்த பாட்டு. வாகனத்தைப் போனில் காட்டச் சொல்லியிருந்தாள், இடைவேளையில் கூப்பிடுகிறாள். கட்டிலுக்கும் மேசைக்கும் நாலு எட்டு இருக்குமா? பதினாறு வருடம் கருங்கலுக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வந்தவனுக்கு அந்த நாலு எட்டு கடல் தாண்டுவதாக இருந்தது. அவளுக்கு ஒரு சொல் போதும். 'வேர்க்குது' என்றால் போதும், மஸ்கட்டில் இருந்துகொண்டே ஊரைக் கூட்டிவிடுவாள். போன் முழுப்பாட்டையும் பாடிவிட்டு ஓய்ந்தது. அவனுக்கு அழுகை வந்தது. சாகிறதைப் பற்றிய பயம்கூட இரண்டாவதுதான். இத்தனை பேருள்ள ஊரில், இத்தனை சத்தத்துக்கு நடுவில், ஒரு ஆளும் அறியாமல் போகிறோமே என்றுதான் அழுதான்.

அழுதுகொண்டு கிடந்தால் ஆகாது. தலைக்குமேல் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது, முனையில் வளையம். உட்காரப் பழகுவதற்காகச் சபிதா கட்டச்சொன்னது. பகவதி திருநாளுக்காக அதையும் சுருட்டி மேலே செருகியிருந்தாள், நல்லகாலம் முழுதாகச் செருகவில்லை. கையை வீசினான். தவறியது. மறுபடி வீசினான். மூன்றாவது வீச்சில் மணிக்கட்டு வளையத்துக்குள் மாட்டியது. முழங்கையை மடக்கி இழுத்தான். நாற்பத்தாறு வயது உடம்பு முழுதும் ஒரு கையில் தொங்கியது. பல்லைக் கடித்து, மற்ற முழங்கையை மெத்தையில் ஊன்றி, இழுத்து, தலைமாட்டுப் பலகையில் முதுகு முட்டுகிறவரை ஏறிவிட்டான். முட்டியதைச் சத்தத்தில்தான் அறிந்தான்.

உட்கார்ந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கிடைத்தது. சம்மட்டி நிற்கவில்லை, ஆனாலும் கண் தெளிந்தது. இப்போது தன் உடம்பைத் தேட வேண்டும். வலிக்கிற இடத்தில் கையை வைக்கிற பாக்கியம் உங்களுக்கும் எனக்கும் உண்டு. அவன் தன்னைக் கண்ணால்தான் தேட வேண்டும், சாவி தேடுகிற மாதிரி.

இந்தப் பக்கத்துக் கொக்கியில் பை இல்லை. எக்கிப் பார்த்தான், அந்தப் பக்கத்துக் கொக்கியிலும் இல்லை. விரிப்புக்குக் கீழே, இடுப்போரமாக ஒரு மேடு. கட்டைவிரலை விரிப்பில் கொக்கிபோல மாட்டி இழுத்தான். உள்ளே, துவைத்து மடித்த துவர்த்துத் துண்டுக்குள் பச்சைப்பிள்ளையைப் பொதிந்ததுபோலப் பையைப் பொதிந்து படுக்கவைத்திருந்தாள் அக்கா. குழாய் தொடைக்கு அடியில் போய் மறைந்தது. யாரும் பார்க்காதபடி, ஐயாவுக்கு முன்னால் தம்பிக்கு மானக்கேடு வராதபடி. தொடையின் பாரம் முழுதும் அந்தக் குழாய்மேல் இருந்தது. பையில் ஒரு சொட்டு இல்லை.

தொடையைத் தூக்கப் பார்த்தான். மணிக்கட்டை அடியில் கொடுத்து நெம்பினால் உடம்பு சரிந்தது. சரிந்து விழுந்தால் மறுபடி ஏறத் தெம்பில்லை. "அனங்கேன் சவமே, செத்த அனங்கேன்!" என்று தன் காலைத் திட்டினான். மூன்று வருடமாக அவன் சொல் கேட்காத கால், இப்போது மட்டும் கேட்குமா?

இந்தக் காலுக்கு ஒரு கதை உண்டு. முதல் வருடம் பகவதி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது கால் படாரென்று மடங்கி உதைத்தது. அவள் அலறிக்கொண்டு தாங்கலுக்கு ஓடினாள், தம்பிக்குக் கால் வந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொன்னாள். அது தண்டுவடம் தன்பாட்டில் போடும் உதை, மூளைக்கு அதில் பங்கில்லை என்று சபிதா சொன்னபோது அவள் அழுதது பார்க்கச் சகிக்கவில்லை. தோலில் ஏதாவது பட்டால் அந்தச் சேதி தண்டுவடம் வரை போய், அங்கேயே திரும்பிக் காலை இழுக்கும். அதிலிருந்து கால் வெட்டும்போதெல்லாம் சுயம்புராஜுக்கு வெறுப்புத்தான் வரும்.

இன்றைக்கு அவனுக்கு அந்தக் கால்தான் வேண்டும். விரிப்பின் முனையைப் பல்லில் கவ்வி, தலையைப் பின்னால் சாய்த்து ஒரே இழுப்பாக உருவினான். கஞ்சிப்பசை போட்ட முரட்டுத் துணி தொடையிலிருந்து உள்ளங்கால்வரை உரசிக்கொண்டு வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கால் வெட்டியது. முழங்கால் மடங்கி மேலே வந்தது, தொடை எழும்பியது. அந்த நேரத்தில் கையை வீசிப் பையைக் கட்டிலுக்கு வெளியே தள்ளினான். பை விழுந்த வேகத்தில் குழாய் பையிலிருந்து கழன்றது. கழன்ற முனையிலிருந்து மூத்திரம் பீறிட்டுத் தரையில் கொட்டியது.

கொட்டட்டும்! அதைவிட நல்ல சத்தத்தை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. அது கொட்டக் கொட்டச் சம்மட்டி அடி தளர்ந்தது, தூரமானது, நின்றது. மூக்கு திறந்தது. முகத்து வேர்வை மின்விசிறிக் காற்றில் ஆறியது. "இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

முன்னறைத் தரைக்கு வாசல் பக்கம் வாட்டம். தண்ணீர் ஓடுவதற்காக அவன்தான் கொத்தனாரிடம் சொல்லி அப்படிப் போடவைத்தான். மூத்திரம் மெதுவாக வளைந்து விளக்கையும் தாம்பாளத்தையும் பார்த்துப் போனது. அதே நேரம் தெருவில் அரகரா முழக்கம் நெருங்கியது.

முன்னால் ஓடிவந்தவள் பகவதிதான். படியேறியவள் நின்றாள். அவிழ்ந்து கிடந்த தலைப்பாகை, பாதி அவிழ்ந்த வேட்டி, தரையெல்லாம் ஈரம். தாம்பாளத்தை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டாள்.

"ஐயோ மக்கா, என்ன காரியம் செய்து வச்சிருக்கே! செத்த நேரம் பொறுக்கப்பிடாதா? இன்னைக்கித்தானா?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. வாசலில் வாகனம் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். தாங்கலில் வழிபாடு நடத்தும் பணிவிடைக்காரர், வீடுகளில் படுக்கையிலிருப்பவர்களுக்கு உள்ளே போய் நாமமிட்டு வருகிறவர். படியில் கால் வைத்தவர், தரையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். சுருளை வாங்கிக்கொண்டு, ஒரு இலைத்துண்டில் நாமமிடும் வெண்மண்ணைப் பொதிந்து பகவதி கையில் தந்தார். "நீயே இட்டுக் குடும்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நேரமில்லை அவ்வளவுதான். வாகனம் நகர்ந்தது. ஒரு மனிதன் அரை மணி நேரம் சாவோடு மல்லுக்கட்டி ஜெயித்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

பகவதி முணுமுணுத்துக்கொண்டே தரையைக் கழுவினாள். அவனைத் துடைத்தாள், வேட்டி மாற்றினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசித்தான். சொன்னால் உடைந்துபோவாள், இவளை விட்டால் அவனுக்கு வேறு யார்? சொல்லாவிட்டால் அடுத்த திருநாளுக்கும் பொதிந்து வைப்பாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அக்கா, நான் செத்துப்போயிருப்பேன்."

"என்னல சொல்லுதே?"

"கொழாய் தொடைக்கி அடியில மாட்டிக்கிட்டு. மூத்திரம் போவல்ல. தலை வெடிக்கப் பாத்துது. கூப்பிட்டேன், ஒருத்தருக்கும் கேக்கல்ல. சஜின் போன மாதிரித்தான். இனி அந்தப் பைய மறைக்காத. ஊர்ல எல்லாரும் பாக்கட்டு. கொக்கியில தொங்கட்டு."

பகவதியின் கையிலிருந்த துணி நழுவியது. சஜின் சங்கதி அவளுக்குத் தெரியும், சபிதா மூன்று தடவை சொல்லியிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "நானா மக்கா... நானா உன்னய..." தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் முகத்தை வைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

சுயம்புராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கத்தான் முடிந்தது. கை சூடா, கண்ணீர் சூடா, எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு எண்ணியிருந்தால் அது நாற்பத்தொன்றாவது. மூன்று வருடத்தில் அவன் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். ஜன்னல் திட்டில் வைத்த இலைத்துண்டு நினைவு வந்தது. நாமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அவன் புருவ நடுவில் விரலை வைத்து, மேலே ஒரே கோடாக இழுத்தாள்.

குளிர்ச்சி தெரிந்தது. விரலின் சொரசொரப்பு, பாத்திரம் தேய்த்துக் காய்ந்த விரல், தெரிந்தது. விரல் நடுங்கியதும் தெரிந்தது.

"கோணலா இருக்கு அக்கா" என்றான். "அழிச்சிட்டு இன்னொருக்க இடு."

"கண்ணாடி இல்லாம உனக்கு எப்பிடி மக்கா தெரியும்?"

"தெரியும்."

ஈரக் கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி இட்டாள். "இப்பம்?"

"இன்னும் கோணல்தான்."

துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் இட்டாள். நான்காவது தடவை அவன் சொல்வதற்கு முன் அவன் கண்ணைப் பார்த்தாள். கையை விரித்து முழு உள்ளங்கையையும் அவன் நெற்றிமேல் வைத்தாள். இலையில் நாமம் தீர்ந்துபோயிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.